சிகரெட்டை நிறுத்தும் நாளில் காபியையும் பாதியாக்குங்கள்

"வரும் திங்கட்கிழமையிலிருந்து சிகரெட்டைத் தொடப்போவதில்லை. அதற்குள் என்னென்ன செய்துவைக்க வேண்டும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

நாள் குறித்ததே நல்ல விஷயம். வீட்டில் சொல்லிவையுங்கள். மிச்சமிருக்கும் பாக்கெட், லைட்டர், சாம்பல் கிண்ணம் எதுவும் கண்ணில் படக்கூடாது. மருத்துவரை இப்போதே பாருங்கள். சிகரெட் ஏக்கத்தைக் குறைக்கும் வரெனிக்ளின் மாத்திரையை, சிகரெட்டை நிறுத்தும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்குவதுதான் வழக்கம். சரி, இதெல்லாம் பலருக்கும் தெரியும். காபியைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை.

காபியில் இருக்கும் ஊக்கப்பொருள் காஃபீன். நாம் குடிக்கும் காஃபீனில் 90 சதவீதத்துக்கும் மேல் சிதைப்பது கல்லீரலில் இருக்கும் சிஒய்பி1ஏ2 என்ற ஒரே நொதி. சிகரெட் புகையின் தாரில் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் என்ற வேதிப்பொருட்கள் இருக்கின்றன. இவை கல்லீரல் செல்லுக்குள் புகுந்து அங்கிருக்கும் ஒரு புரதத்தைப் பற்றிக்கொள்ளும். அந்த ஜோடி உட்கருவுக்குள் போய், சிஒய்பி1ஏ2-வுக்கான மரபணுவை முடுக்கிவிடும். நொதி மளமளவென்று உற்பத்தியாகும். வந்த அந்நியப் பொருளை அப்புறப்படுத்த உடம்பு செய்யும் ஏற்பாடு இது. அதே நொதியிடம் சிக்குவதால் காஃபீனும் சீக்கிரம் காலியாகிவிடுகிறது. குடித்த காஃபீனில் பாதி தீர புகைக்காதவருக்குச் சுமார் 5 மணி நேரம் ஆகும் என்றால், புகைப்பவருக்குச் சுமார் 3 மணி நேரம் போதும். அதனால்தான் பல புகைப்பழக்கக்காரர்கள் கோப்பை கோப்பையாகக் குடித்துவிட்டும் நன்றாகத் தூங்குகிறார்கள்.

புகை நின்றதும் சில நாட்களிலேயே நொதியின் அளவு இறங்கிவிடும். காபி மட்டும் பழைய கணக்கிலேயே உள்ளே போகும். ரத்தத்தில் காஃபீன் இரண்டு மடங்கு வரை ஏறலாம். படபடப்பு, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரும். நிகோடின் ஏக்கத்திலும் எரிச்சலும் தூக்கமின்மையும் உண்டு என்பதால், எது எதனால் என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. நிகோடின் பட்டை ஒட்டினாலும் காஃபீன் குறையாது, ஏனென்றால் அந்த மரபணுவை முடுக்கியது நிகோடின் அல்ல, புகை.

இந்த அவஸ்தையில் மறுபடி பற்றவைத்தவரைப் பார்த்து "மன உறுதி இல்லாதவன்" என்கிறோம். இதை நான் மூடநம்பிக்கை என்றே சொல்வேன். கல்லீரலின் கணக்கு மாறியதற்கு மனதைத் திட்டி என்ன பயன்?

திங்கட்கிழமை முதல் காபி, டீ, எனர்ஜி பானம் எல்லாவற்றையும் பாதியாக்குங்கள். அடியோடு விட்டுவிடாதீர்கள், தலைவலி பிடித்துக்கொள்ளும். இன்னொன்று: மனநோய்க்குத் தரும் க்ளோசபின், ஒலான்சபின், ஆஸ்துமாவுக்குத் தரும் தியோஃபிலின் மருந்துகளையும் பெருமளவு இதே நொதிதான் சிதைக்கிறது. இவற்றில் ஏதாவது சாப்பிடுபவர்கள் சிகரெட்டை நிறுத்தும் தேதியை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்; மருந்தின் அளவை அவர்தான் மாற்ற வேண்டும்.