குளோனிங்கும் நாம் வாசிக்காமல் கையொப்பமிடும் படிவமும்

மட்டக்களப்பில் ஒரு சட்டத்தரணியிடம் காணி உறுதியும் விவாகரத்தும்தான் வரும் என்று நினைப்பீர்கள். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் பிள்ளைப்பேற்றுச் சிகிச்சைக்காகக் கொழும்புக்கோ சென்னைக்கோ போகிறவர்கள், ஆஸ்பத்திரி கொடுத்த படிவத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவதும் இப்போது உண்டு. ஓர் உயிரின் கலத்தில் இருந்து அதே மரபணுவோடு இன்னொன்றைப் பிறக்க வைக்கும் குளோனிங்கும் அந்தப் பேச்சுக்குள் எட்டிப் பார்க்கும். மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் கேட்டார்: "மகள், அவன்ட முடி கொஞ்சம் வெச்சிருக்கன். அதுல இருந்து அவனத் திருப்பி எடுக்க ஏலும் எண்டு வீடியோவில சொல்றானுகள். உண்மையா?"

உண்மை இல்லை. உதிர்ந்த முடியில் உயிருள்ள கலம் கிடையாது. உயிருள்ள கலமே கையில் இருந்தாலும் விஷயம் அவ்வளவு லேசில்லை. 1996 ஜூலை 5ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் ரொஸ்லின் நிறுவனத்தில் டொலி என்ற செம்மறிக்குட்டி பிறந்தது. வளர்ந்த ஓர் ஆட்டின் மடிக் கலத்தை எடுத்து, கரு (கலத்துக்குள் மரபணு இருக்கும் மையப் பகுதி) நீக்கிய முட்டையோடு இணைத்தார்கள். 277 முட்டைகளில் இப்படிச் செய்ததில் 29 முளையங்களே, அதாவது வளரத் தொடங்கிய ஆரம்பச் சிசுக்களே, தேறின. அவற்றை 13 ஆடுகளின் கருப்பையில் வைத்தார்கள். உயிரோடு பிறந்தது ஒன்று. 2018இல் சீன விஞ்ஞானிகள் குளோன் செய்த இரண்டு குரங்குக் குட்டிகளைக் காட்டினார்கள். அவை இன்னும் பிறக்காத குரங்குச் சிசுவின் கலத்தில் இருந்து வந்தவை. அதே ஆய்வில், வளர்ந்த குரங்கின் கலத்தில் இருந்து பிறந்த இரண்டும் தங்கவில்லை. மனிதரில் இதைச் செய்து பார்ப்பதென்றால், தங்காமல் போவது யாருடைய பிள்ளை? மனிதக் குளோனிங்கைத் தடைசெய்வதற்கு ஆதரவாக எத்தனையோ தத்துவம் பேசுகிறார்கள். எனக்கு இந்தக் கணக்கே போதும்.

இன்னொன்று, எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சட்டென்று விளங்கும். இங்கே குடி, அதாவது குலப்பிரிவு, தாய்வழியில் வருவது. கோயில் திருவிழாவில் யாருக்கு எந்த நாள் என்பதும் குடியைப் பார்த்துத்தான். குளோன் பிள்ளைக்கு எந்தக் குடி? கலம் கொடுத்தவர் ஒருவர், முட்டை கொடுத்தவர் ஒருவர், வயிற்றில் சுமந்தவர் இன்னொருவராகக்கூட இருக்கலாம். முட்டைக்குள் இருக்கும் இழைமணியின் (கலத்துக்குச் சக்தி தரும் நுண்ணுறுப்பின்) மரபணு, முட்டை கொடுத்தவரோடு வந்துவிடும். கருவின் மரபணுப்படி பார்த்தாலோ, கலம் கொடுத்த ஆணின் தாய்தான் அந்தப் பிள்ளைக்கும் தாய். அப்பா என்று வளர்ப்பவர் அண்ணன் முறையாகிவிடுகிறார்! எங்கள் சான்றுக் கட்டளைச் சட்டம் 1895இல் வந்தது. திருமணம் நிலைத்திருக்கையில் பிறந்த பிள்ளை கணவனுடையது என்று அதன் 112ஆம் பிரிவு அனுமானிக்கிறது. அதை எழுதியவர்கள் இப்படி ஒரு சிக்கலைக் கனவிலும் கண்டிருக்கமாட்டார்கள்.

உலகம் சும்மா இருக்கவில்லை. மனிதரைக் குளோன் செய்து பிறப்பிக்கக் கூடாது என்று யுனெஸ்கோ 1997இல் பிரகடனம் செய்தது. 1998இல் ஐரோப்பிய நாடுகள் சில இதைத் தடைசெய்யும் ஒரு நெறிமுறையில் கையொப்பமிட்டன. 2005 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய பிரகடனத்துக்கு ஆதரவு 84, எதிர்ப்பு 34, வாக்களிக்காமல் ஒதுங்கியவை 37. எதிர்த்த நாடுகள் பிள்ளை பிறப்பிக்கக் கேட்கவில்லை. சிகிச்சை ஆராய்ச்சிக்கான குளோனிங்கையும் சேர்த்து அடைக்க வேண்டாம் என்பதே அவற்றின் வாதம். எப்படியோ, அந்தப் பிரகடனம் எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது.

நான் கட்சிக்காரரிடம் திரும்பத் திரும்பச் சொல்வது தென்கொரியக் கதையை. ஹ்வாங் வூ-சுக் என்ற விஞ்ஞானி, குளோன் செய்த மனித முளையத்தில் இருந்து குருத்துக் கலங்களை (உடலின் பலவகைக் கலங்களாக மாறக்கூடியவற்றை) எடுத்துவிட்டதாக 2004இலும் 2005இலும் அறிவித்தார். இரண்டும் பொய்யென்று 2006 ஜனவரியில் அவருடைய பல்கலைக்கழகமே சொன்னது. ஆனால் அதற்காகப் பெண்களிடம் இருந்து எடுத்த 2,000க்கு மேற்பட்ட முட்டைகள் பொய்யில்லை. சிலருக்குக் காசு கொடுக்கப்பட்டது. அவருடைய ஆய்வுகூடத்தில் வேலை செய்த இளம்பெண்களும் கொடுத்தவர்களில் இருந்தார்கள். மேலதிகாரி கேட்கும்போது "விருப்பத்தோடு சம்மதிக்கிறேன்" என்று போடும் கையொப்பத்துக்கு என்ன பெறுமதி?

சீனாவில் நடந்தது இன்னும் மோசம். 2018இல் ஹே ஜியான்குய் என்ற விஞ்ஞானி, மரபணு திருத்திய முளையங்களில் இருந்து இரட்டைப் பெண்குழந்தைகளைப் பிறக்க வைத்தார். பெற்றோர் கையொப்பமிட்ட படிவத்தில் அந்த வேலைக்கு "எயிட்ஸ் தடுப்பூசித் திட்டம்" என்று பெயர். அவருக்கு மூன்று வருடச் சிறை கிடைத்தது, அதுவும் சட்டவிரோத மருத்துவத் தொழில் என்ற குற்றத்துக்காக. மரபணு திருத்திய அல்லது குளோன் செய்த முளையத்தைக் கருப்பையில் வைப்பதையே குற்றமாக்கும் பிரிவு 2021இல்தான் அங்கே நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகள் பிறந்து, சட்டம் பின்னால் வந்தது.

இலங்கையில் குளோனிங்கைப் பெயர் சொல்லித் தடுக்கும் தனிச் சட்டம் இல்லை. சோதனைக்குழாய்க் குழந்தைச் சிகிச்சைக்கென்றும் பாராளுமன்றம் ஒரு சட்டம் ஆக்கவில்லை. 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் வைத்தியசாலை பதிவு செய்யவேண்டும், வைத்தியரின் பெயர் மருத்துவச் சபைப் பதிவேட்டில் இருக்கவேண்டும். அவ்வளவுதான். அதற்கு மேலே உங்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் நிற்பது நீங்கள் கையொப்பமிடும் தாள் மட்டுமே. அதுவோ அநேகமாக ஆங்கிலத்தில் இருக்கும், ஊசி போடப் போகிற அவசரத்தில் நீட்டப்படும்.

அதனால் படிவத்தை முதல்நாளே வாங்குங்கள். தமிழில் வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. மிஞ்சும் முளையங்களை என்ன செய்வார்கள், எத்தனை வருடம் வைப்பார்கள், ஆராய்ச்சிக்குக் கொடுப்பார்களா, உங்களில் ஒருவர் இறந்தால் அல்லது பிரிந்தால் யார் முடிவெடுப்பது என்று கேளுங்கள். "ஆராய்ச்சிக்குச் சம்மதம்" என்ற வரி உங்களுக்கு உடன்பாடில்லை என்றால் வெட்டிவிட்டு, பக்கத்தில் கையொப்பமிடுங்கள். ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கட்டும். தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமித்தால் பிள்ளைக்கு எந்த நோய்க்கும் மருந்து என்று விற்க வருபவரிடமும் இதே கேள்விகள்தான். கூடவே, கம்பனி மூடப்பட்டால் அது எங்கே போகும் என்றும் கேளுங்கள்.

சென்னைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 2021இல் இதற்கெனச் சட்டங்கள் வந்துவிட்டன. காசுக்கு வாடகைத்தாய் அமர்த்துவது அங்கே இப்போது குற்றம், தரகர் என்ன சொன்னாலும் நம்பவேண்டாம். முளையத்தைப் 10 வருடத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதன் பிறகு அழியவிடவேண்டும், அல்லது தம்பதியின் சம்மதத்தோடு ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம். அந்தச் சம்மதக் கட்டம் படிவத்தில் எங்கே இருக்கிறது, அதில் ஏற்கெனவே யாராவது புள்ளடி போட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.