கேலரி: சொல் விளக்கம்

கிரிக்கெட் மைதானத்தில் படிப்படியாக உயரும் இருக்கை வரிசையும் கேலரி. கைபேசியில் படங்கள் குவிந்து கிடக்கும் இடமும் கேலரி. ஓவியங்களை மாட்டிவைக்கும் இடத்துக்கு அந்தப் பெயர் வந்தது செல்வந்தர் மாளிகைகளிலிருந்து.

'கல்லேரியா' என்பது இத்தாலியச் சொல். மாளிகையில் ஒரு பகுதியிலிருந்து மறுபகுதிக்குச் செல்லும் நீண்ட நடைவழியை அது குறித்தது. அதன் வேர் என்ன என்பதில் அகராதிகளுக்குள் ஒற்றுமை இல்லை, அதை விட்டுவிடலாம். நீளமான சுவர், பக்கவாட்டில் வெளிச்சம், விருந்தினர் நடந்து போகும் வழி. படம் மாட்ட வேறென்ன வேண்டும்?

புளோரன்சு நகரின் உஃபிசி இதற்கு நல்ல சான்று. 1560இல் அரசு அலுவலகங்களுக்காக எழத் தொடங்கிய கட்டடம் அது. பெயரின் பொருளே 'அலுவலகங்கள்'தான். அதன் மேல்மாடி நடைவழியில், நகரை ஆண்ட மெடிச்சி குடும்பம் தன் சிலைகளையும் ஓவியங்களையும் வைத்தது. ஆண் வாரிசு அற்றுப்போய் ஆட்சி, வியன்னாவிலிருந்து ஆண்ட லொரைன் வம்சத்துக்குக் கைமாறிய 1737இல், குடும்பத்தின் கடைசிப் பெண்மணியான அன்னா மரியா லூயிசா ஓர் ஒப்பந்தம் செய்தார்: சேகரிப்பில் எதுவும் நகரைவிட்டு வெளியேறக் கூடாது, அது மக்களுக்குப் பயன்பட வேண்டும். அவர் 1743இல் மறைந்தார்; 1769இல் உஃபிசி பொதுமக்களுக்குத் திறந்தது. அந்த நிபந்தனை இல்லாதிருந்தால் பாதிப் படங்களாவது வியன்னாவுக்குப் போயிருக்கும் என்பது என் எண்ணம்.

பாரிசில் புரட்சி வந்து அரசரின் சொத்தைப் பறித்து 1793இல் லூவர் அரண்மனையை அருங்காட்சியகமாகத் திறந்தது. லண்டனில் நடந்தது கொடுக்கல் வாங்கல். ஜான் ஜூலியஸ் ஆங்கர்ஸ்டைன் காப்பீட்டுத் தொழிலில் பணம் சேர்த்தவர். அடிமை உழைப்பில் நடந்த கரீபியத் தோட்டங்களோடும் அவருக்குத் தொடர்பு உண்டு. அவர் இறந்தபின், 1824இல் பிரிட்டிஷ் அரசு அவருடைய 38 ஓவியங்களை 57,000 பவுண்டுக்கு வாங்கியது. தேசிய கேலரி பிறந்தது. தனிக் கட்டடம் இல்லாததால் பால் மால் தெருவில் அவர் வாழ்ந்த வீட்டிலேயே படங்களை மக்கள் பார்த்தார்கள். ஜார்ஜ் போமான்ட் என்ற ஓவியர் தன் படங்களைத் தருவதாகச் சொல்லி, நல்ல கட்டடம் வேண்டும் என்று நிபந்தனையும் போட்டிருந்தார். டிரஃபால்கர் சதுக்கக் கட்டடம் திறக்க 1838 ஆயிற்று.

தமிழில் இதற்குக் 'கலைக்கூடம்', 'ஓவியக்கூடம்' இரண்டும் வழக்கில் உள்ளன. சென்னை எழும்பூரில் இருப்பதும் தேசிய கலைக்கூடம்தான். கூடம் என்றால் வீட்டின் நடுக்கூடமும் உண்டு, பள்ளிக்கூடமும் உண்டு. ஆகவே சொல் பொருந்துகிறது. 'காட்சியகம்' என்றால் அருங்காட்சியகத்தோடு குழம்பும். மைதானத்துக் கேலரியை 'பார்வையாளர் மாடம்' என்று எழுதலாம்; ஆனால் டிக்கெட் வாங்குகிறவர் கேலரி என்றுதான் கேட்பார்.