எஸ்எம்பிஎஸ்ஸில் மிச்சம் பிடிக்காதீர்கள்

மறுபடியும் ஒன்று வந்துவிட்டது. கல்லூரி மாணவர் ஒருவர் பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில், முதன்முதலாகத் தானே பூட்டிய கம்ப்யூட்டர். நல்ல பிராசசர், நல்ல கிராபிக்ஸ் கார்டு, கலர் லைட் எரியும் கேபினட். எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் மட்டும் அந்தக் கேபினட்டோடு சேர்ந்து வந்தது. கேம் ஓடிக்கொண்டிருந்தபோது 'டப்' என்று ஒரு சத்தம், கருகல் வாடை. எஸ்எம்பிஎஸ் போனதோடு, பாகங்களையெல்லாம் இணைக்கும் மதர்போர்டும் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டியும் போய்விட்டன. பழுதுபார்க்கும் மேசையில் இதையே திரும்பத் திரும்பப் பார்க்க மனசு கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பட்ஜெட் போடும்போது பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் பெரும்பங்கை ஒதுக்கிவிட்டு, கடைசியில் மிஞ்சும் பணத்தில் எஸ்எம்பிஎஸ் தேடுகிறார்கள். கேட்டால், "450 வாட்ஸ் என்று போட்டிருக்கிறதே, போதாதா?" என்கிறார்கள். தயவுசெய்து அந்த ஒற்றை எண்ணை நம்பாதீர்கள். பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படியுங்கள். அதில் 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று தனித்தனியாக எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். இன்றைய கம்ப்யூட்டரில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் தங்களுக்கு வேண்டிய மின்சாரத்தில் ஏறக்குறைய முழுவதையும் 12 வோல்ட்டிலிருந்துதான் எடுக்கின்றன. அந்தக் கட்டத்தில் 18 ஆம்பியர் என்று இருந்தால் கணக்கு எளிது: 12 பெருக்கல் 18, 216 வாட்ஸ். மேலே கொட்டை எழுத்தில் 450 என்று இருந்தாலும் உங்களுக்கு உதவப்போவது அந்த 216 மட்டுமே. ஒழுங்கான 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட்டுக்கு நேராக 36 ஆம்பியர் அளவில் இருக்கும். அட்டவணையே ஒட்டாத பெட்டியைத் தொடவே வேண்டாம்.

இன்னொரு தவறான எண்ணம் இதைவிடப் பரவலாக இருக்கிறது. "650 வாட்ஸ் வாங்கினால் கரண்ட் பில் எகிறுமே" என்கிறார்கள். எகிறாது. 650 என்பது அதனால் அதிகபட்சம் கொடுக்க முடிந்த அளவு. எவ்வளவு எடுப்பது என்பதை உள்ளே இருக்கும் பாகங்கள் தீர்மானிக்கின்றன. பாகங்கள் 300 வாட்ஸ் கேட்டால், 80 சதவீதத் திறனுள்ள (அதாவது இழுப்பதில் 80 சதவீதத்தைப் பாகங்களுக்குக் கொடுக்கும்) எஸ்எம்பிஎஸ் சுவரிலிருந்து 375 வாட்ஸ் இழுக்கும். அது 450 வாட்ஸ் பெட்டியாக இருந்தாலும் சரி, 650 வாட்ஸ் பெட்டியாக இருந்தாலும் சரி. பில்லைக் குறைப்பது திறன். '80 பிளஸ்' முத்திரை சொல்வதும் அந்தத் திறனை மட்டும்தான். ஷார்ட் ஆனால் தானாக அணையுமா, வோல்ட் ஏறினால் துண்டிக்குமா என்பதற்கு அந்த முத்திரை பொறுப்பல்ல. அதற்கு மாடல் பெயரைப் போட்டு, பிரித்துச் சோதித்து எழுதிய விமர்சனங்களைத் தேடிப் படியுங்கள். ஐந்து வருட வாரண்டி கொடுக்கும் மாடலாக இருந்தால் இன்னும் நிம்மதி.

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நல்ல 400 அல்லது 450 வாட்ஸ் தாராளம். நடுத்தர கார்டு என்றால் 550 அல்லது 650. கார்டுக்கான 8 பின் கேபிள் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே நேராக வர வேண்டும். டிரைவ்களுக்கு மின்சாரம் கொடுக்கும் சாட்டா கேபிளை 8 பின்னாக மாற்றும் அடாப்டரைப் பயன்படுத்தவே கூடாது. சாட்டா முனை 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட்ஸ். 8 பின் முனை வழியாகக் கார்டு 150 வாட்ஸ் வரை கேட்கலாம். உருகிய முனைகளை நான் நிறையப் பார்த்தாயிற்று.

சரி, பிராசசருக்கு வருவோம். "ஐ7 கிடைத்தது, விலை மலிவு" என்று இன்டெலின் பழைய ஐ7-2600 பிராசசரை வாங்கி வருகிறார்கள். அது 2011-இல் வந்தது. 2022-இல் வந்த ஐ3-12100-க்கும் அதே நான்கு கோர் (கணக்குப் போடும் பகுதி), எட்டு த்ரெட்தான் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). ஆனால் வேகத்தில் பழையதை எளிதாகத் தாண்டிவிடும். பெயரில் இருக்கும் 3, 5, 7-ஐ விட, எந்தத் தலைமுறை என்பதுதான் முக்கியம். விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏற்பதும் இன்டெலில் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான்.

பெயரின் கடைசி எழுத்தையும் பாருங்கள். இன்டெலில் 'எஃப்' என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5600-க்கும் கிடையாது, 5600ஜி-க்கு உண்டு. இது தெரியாமல் வாங்கிவிட்டு, திரை இருட்டாக இருக்கிறதே, மதர்போர்டு போய்விட்டது என்று தூக்கிக்கொண்டு வருகிறார்கள். எந்தப் பாகமும் கெட்டிருக்காது. கார்டு போட்டவர்களும் மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகிவிட்டுத் தவிப்பதுண்டு. அதைக் கார்டில் செருகுங்கள்.

மதர்போர்டு வாங்கும் முன் அதன் நிறுவனப் பக்கத்தில், உங்கள் பிராசசருக்கு எந்த பயாஸ் (போர்டைத் தொடங்கிவைக்கும் உள் மென்பொருள்) பதிப்பு வேண்டும் என்ற பட்டியலைப் பாருங்கள். பழைய பயாஸோடு இருக்கும் பி450 போர்டு, ரைசன் 5000 வரிசையை அடையாளம் காணாது. ரேம் வகைகளான டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டும் ஒன்றின் இடத்தில் ஒன்று உட்காராது, அழுத்தித் திணிக்காதீர்கள்.

ரேம் 16 ஜிபி வேண்டுமென்றால் 8 ஜிபியாக இரண்டு வாங்குங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகளில் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். உள் கிராபிக்ஸை நம்பி கேம் ஆடுபவர்களுக்கு, ஒன்றுக்குப் பதில் இரண்டு ரேம் போடுவதன் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். வாங்கிய வேகத்தில் ரேம் ஓட, பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற ரேம் வேக அமைப்பை இயக்க வேண்டும். பலர் இதைச் செய்வதே இல்லை.

எஸ்எஸ்டி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விண்டோஸை ஹார்ட் டிஸ்க்கில் போடாதீர்கள். எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டியை நேராகப் போர்டில் செருகும் இடம்) வேகமான என்விஎம்இ வகையை ஏற்குமா, சாட்டா வகையை மட்டுமா என்று போர்டின் கையேட்டில் இருக்கும்.

பணம் போதவில்லை என்றால் எதைக் குறைப்பது? கலர் லைட்டை விடுங்கள், கண்ணாடிக் கேபினட்டை விடுங்கள், விலையுயர்ந்த கூலரை விடுங்கள். பிராசசரோடு வரும் கூலரே பலருக்குப் போதும். கிராபிக்ஸ் கார்டை ஆறு மாதம் கழித்துக்கூட வாங்கிக்கொள்ளலாம், அதுவரை உள் கிராபிக்ஸ் உள்ள பிராசசரில் ஓட்டலாம். எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கை வைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

அப்புறம், கழற்றி மாட்டும் கேபிள் உள்ள எஸ்எம்பிஎஸ் என்றால் ஒன்றின் கேபிளை இன்னொன்றில் மாட்டக் கூடாது. முனை பொருந்தும், ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கத்து வயர் வரிசை மாடலுக்கு மாடல் மாறலாம். ஒரு முறை ஆன் செய்தாலே டிரைவ்கள் எரிந்துபோகலாம். பழைய கேபிள்களைப் பழைய எஸ்எம்பிஎஸ்ஸோடு சேர்த்தே கட்டி வையுங்கள்.