மச்சத்தை அழித்து இமைமுடியை விட்டுவைக்கும் கணக்கு

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகளுக்கு வரன் பார்ப்பதற்காகக் கைப்பேசியில் எடுத்த படத்தில், பிறந்ததிலிருந்து அவளுடைய இடது கன்னத்தில் இருக்கும் சிறு மச்சத்தைக் காணவில்லையாம். கன்னம் பீங்கான் போல மழுமழுவென்றிருக்க, இமைமுடிகள் மட்டும் ஒவ்வொன்றாக எண்ணும் அளவுக்குத் துல்லியமாக விழுந்திருக்கின்றனவாம். "மங்கலாக்கினால் எல்லாம்தானே மங்க வேண்டும்? தோல் எது, முடி எது என்று போனுக்கு எப்படித் தெரிகிறது?" என்று கேட்கிறார். பல நேரங்களில் அதற்குத் தெரிவதே இல்லை என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை. எது தோல், எது முடி என்று அறியாமலேயே இந்த வேலையைச் செய்து முடிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

முகத்தைத் திருத்துவது கணினியோடு வந்த பழக்கமன்று. கறுப்பு வெள்ளைக் காலத்து ஸ்டூடியோக்களில் 'டச்சப்' செய்பவர் என்றே ஒருவர் இருப்பார். முகத்தில் கருமையாகத் தெரியும் சுருக்கம் நெகட்டிவில் வெளிறிய கோடாக விழும். கூராகச் சீவிய பென்சிலால் அந்தக் கோட்டை அவர் நிரப்பிவிட்டால், அச்சிடும்போது அவ்விடத்தில் ஒளி குறைவாகப் புகுந்து, தாளில் சுருக்கம் இல்லாமற்போகும். பின்னர் கணினி வந்தது. 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியாகிரபிக் இதழ் தன் அட்டையின் நெடுக்கு வடிவத்துக்குப் பொருந்துவதற்காகக் கீசாவின் பிரமிடுகளையே நகர்த்தி வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டது. 1990இல் ஃபோட்டோஷாப் விற்பனைக்கு வந்தது. ஆயினும் அதுவரை ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னாலும் ஒரு மனிதக் கை இருந்தது. அந்தக் கை எப்போது விலகியது என்பதுதான் வாசகியின் கேள்விக்கான விடை.

படம் என்பது எண்களின் கட்டம் என்பது பள்ளிப் பாடம்: 0 கறுப்பு, 255 வெள்ளை, இடையில் மற்றவை. தோலின் சொரசொரப்பைப் போக்க மிக எளிய வழி, ஒவ்வொரு பிக்சலின் (கட்டத்திலுள்ள ஒரு புள்ளியின்) எண்ணையும் அழித்துவிட்டு, அதன் அண்டையிலுள்ள எண்களின் சராசரியை அங்கே எழுதுவதாகும். புருவத்தை ஒட்டிய ஒரு தோல் பிக்சலின் மதிப்பு 180 என்றும், அண்டையில் 176, 184, 172 ஆகிய தோல் பிக்சல்களும் 40 மதிப்புள்ள ஒரு புருவ முடியும் இருப்பதாகவும் கொள்வோம். ஐந்தின் சராசரி ஏறத்தாழ 150. அதாவது, புருவத்தின் கருமை தோலுக்குள் கசிந்து, முகம் மழையில் நனைந்த சுவரொட்டி போலாகிவிடும்.

இதற்கான தீர்வு, 1998 ஜனவரியில் நம் மும்பையில் நடந்த கணினிப் பார்வைக்கான பன்னாட்டு மாநாட்டில் முன்வைக்கப்பட்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கார்லோ தொமாசியும், அப்போது ஆப்பிளில் பணியாற்றிய ராபர்தோ மந்தூக்கியும் எழுதிய அந்தக் கட்டுரையில் 'பைலேட்டரல் ஃபில்டர்', அதாவது இருபக்க வடிகட்டி, என்ற பெயர் இடம்பெற்றது. அதன் கருத்து குழந்தைக்கும் புரியும். சராசரி எடுக்கும்போது அண்டை வீட்டார் எல்லாரையும் கேட்க வேண்டாம். பக்கத்தில் இருக்க வேண்டும், நிறத்திலும் ஒத்திருக்க வேண்டும், இவ்விரண்டும் பொருந்துபவரின் சொல்லுக்கே எடை கொடுக்க வேண்டும். மேற்சொன்ன கணக்கில் 40 மதிப்புள்ள முடி 180 இலிருந்து வெகுதூரம் விலகியிருப்பதால் அதன் எடை ஏறக்குறைய சுழியம். மீதி நான்கின் சராசரி 178. தோல் சமனாயிற்று, புருவமும் தப்பியது. முடியின் பக்கமிருந்து பார்த்தாலும் இதேதான்: அதற்குத் தோலின் பேச்சு காதில் விழாது, தன்னைப் போன்ற கருமையிடம் மட்டுமே அது கருத்துக் கேட்கும். அந்தக் கட்டுரையில் எடுத்துக்காட்டாக வந்தது ஒரு பூனைக்குட்டி. உடம்பு மயிரின் நுண்மையெல்லாம் கரைந்துபோக, மீசை முடிகள் மட்டும் கூர்மையாகவே நின்றன. வாசகியின் மகளுடைய இமைமுடிகளுக்கு மூத்த உறவு அந்த மீசை என்று சொல்லலாம்.

அப்படியானால் மச்சம் ஏன் தப்பவில்லை? எவ்வளவு வித்தியாசம் இருந்தால் 'ஒத்த நிறம்' என்று கொள்வது என்பதற்கு ஓர் எண்ணை முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும். நிற வித்தியாசம் அந்த எண்ணைத் தாண்டத் தாண்ட எடை ஒரேயடியாக அற்றுப்போகாமல் வேகமாகக் குறைந்துகொண்டே போகும். தோல் 180, மச்சம் 150 என்று வைத்துக்கொண்டு, அந்த எண்ணை 10 என்று அமைத்தால், சுற்றியுள்ள தோலின் பேச்சுக்கு மச்சம் கொடுக்கும் எடை நூற்றில் ஒன்றுதான், மச்சம் நிலைக்கும். அதே எண்ணை 40 ஆக்கினால் எடை நூற்றுக்கு 75 ஆகிவிடுகிறது. சுற்றிலும் தோலே பெரும்பான்மை என்பதால் மச்சம் அதில் கரைந்துபோகிறது. 140 அளவுக்கு விலகி நிற்கும் இமைமுடிக்கோ, எண் 40 ஆக இருக்கும்போதும் ஆயிரத்தில் இரண்டு பங்கு எடைதான் வந்து சேர்கிறது. ஒரே ஓர் எண் முடியை விட்டுவைத்து மச்சத்தை விழுங்கிவிடுகிறது. அதற்குத் தோல் என்றும் முடி என்றும் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

எனக்கு வியப்பும் கவலையும் ஒருங்கே தருவது இந்த எண்தான். மயிர்த்துளை குறை, மச்சம் குறை, அம்மைத் தழும்பு குறை, ஆனால் உதட்டின் ஓரம் அழகு என்ற தீர்ப்பு அதற்குள் அடங்கியிருக்கிறது. டச்சப் செய்பவர் ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, சில சமயம் கேட்டுக்கொண்டும் எடுத்த முடிவை, இப்போது எங்கோ ஒரு பொறியாளர் எல்லா முகங்களுக்கும் சேர்த்து ஒருமுறை எடுத்துவிடுகிறார். நம் பள்ளி மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளம் என்ற இடத்தில் 'இடது கன்னத்தில் ஒரு மச்சம்' என்று எழுதுகிறார்கள். அரசு அடையாளமாகக் கொள்வதைக் கைப்பேசி அழுக்காகக் கொள்கிறது.

கேமராவில் 'பியூட்டி' என்றிருக்கும் அழகு அமைப்பை அணைத்துவிட்டால் போதுமா என்றால், முழுவதும் போதாது. கைப்பேசியில் ஒளியைப் பதியும் உணரி (சென்சார்) சிறியது. மங்கிய வெளிச்சத்தில் படமெங்கும் புள்ளி புள்ளியாக இரைச்சல் விழும். அதைப் போக்கவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வடிகட்டிகளே பயன்படுகின்றன. அவற்றுக்கு இரைச்சலுக்கும் மயிர்த்துளைக்கும் வேறுபாடு தெரியாது. 2018இல் வெளிவந்த ஐபோன் டென் எஸ், கேட்காமலேயே முகத்தை மெழுகுகிறது என்று புகார் எழுந்தபோது, பல படங்களை ஒன்றாக்கும் மென்பொருள் தவறான படத்தை அடிப்படையாக எடுத்துக்கொண்டதே காரணம் என்று ஆப்பிள் விளக்கித் திருத்தியது. அழகுபடுத்தும் எண்ணமே இல்லாமலும் முகம் அழகுபட்டுவிடலாம் என்பது அதில் தெரிந்தது.

கண், தாடை போன்றவை முகத்தில் எங்கே இருக்கின்றன என்று கண்டறிந்து தாடையைக் குறுக்குவது, கண்ணை விரிப்பது ஆகியவை இதற்கு மேல் வந்த அடுக்குகள். 2023இல் டிக்டாக்கில் பரவிய வடிகட்டி, முகத்துக்கு முன்னால் கையை அசைத்தாலும் கலையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய வடிகட்டி இருப்பதை அழித்தது, இது இல்லாததை வரைகிறது.

விளைவு கண்ணாடியின் முன்னால் தெரிகிறது. முப்பது சென்டிமீட்டர் தொலைவில் எடுக்கும் செல்ஃபியில் மூக்கு, ஒன்றரை மீட்டரிலிருந்து எடுத்ததைவிடச் சுமார் 30 விழுக்காடு அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். முதலில் கேமரா மூக்கைப் பெரிதாக்குகிறது, பின்பு செயலி அதைச் சிறிதாக்குகிறது, இரண்டுக்கும் நடுவில் உண்மையான மூக்கோடு இருப்பவர் அறுவை மருத்துவரைத் தேடிப் போகிறார். திருத்திய விளம்பரப் படங்களில் அதைக் குறிப்பிட வேண்டும் என்று பிரான்சு 2017இலும் நார்வே 2022இலும் சட்டத்தை நடைமுறைப்படுத்தின. ஆனால் குறிப்பைப் படிப்பதால் தன் உடல்மீதான அதிருப்தி குறைவதில்லை என்றே பல ஆய்வுகள் காட்டுகின்றன. கூகுள் 2020இல் தன் பிக்சல் கைப்பேசிகளில் முகத்திருத்தத்தை இயல்பாகவே அணைத்துவைத்ததும், அமைப்புகளிலிருந்து 'அழகு' என்ற சொல்லை எடுத்ததும் எனக்குச் சட்டத்தைவிடப் பயனுள்ளதாகப் படுகின்றன, ஏனெனில் அது அந்த எண்ணிலேயே கைவைக்கிறது. நம் பல்கலைக்கழகங்கள் நம் தோல் நிறங்களில் இந்த வடிகட்டிகள் எதை அழிக்கின்றன என்று அளந்து பார்க்கச் சில இலட்சங்கள் ஒதுக்கினால் போதும். ஆனால் வரன் தேடும் வீட்டில் செவ்வாய் தோஷத்துக்கு மூன்று சோதிடர்களைக் கேட்கும் நாம், படத்தில் இருப்பது யார் முகம் என்று ஒருவரையும் கேட்பதில்லை.

வாசகிக்கு ஒரு யோசனை. அழகு அமைப்பை அணைத்துவிட்டு, காலை பத்து மணி வெளிச்சத்தில் சன்னலோரம் மகளை நிறுத்தி, ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுங்கள். 'ரா' என்ற தேர்வு உங்கள் கைப்பேசியில் இருந்தால் அதை இயக்கிக்கொள்ளுங்கள், அதில் உணரி கண்டது வடிகட்டப்படாமல் சேமிக்கப்படும். படம் கொஞ்சம் புள்ளி தட்டியிருக்கும், மச்சம் இருக்கும்.