சுருண்ட இலைக்குள் நிற்கும் சிவப்பு வண்டைக் கொல்லாதீர்கள்

சம்பா நட்டு ஒரு மாதம் ஆகிவிட்டால் போதும், சுருண்ட நெல் இலைப் படங்கள் என் போனுக்கு வர ஆரம்பித்துவிடும். நீடாமங்கலமோ பாபநாசமோ, கேள்வி ஒன்றுதான்: "சார், சுருட்டுப்புழு விழுந்துடுச்சு, என்ன மருந்து அடிக்கலாம்?" சில படங்களில் பிரித்த இலைக்குள் புழுவே இருக்காது. செம்பழுப்பு உடம்பு, கருந்தலை, முதுகில் கருநீலப் பட்டையோடு ஒல்லியான ஒரு வண்டு நிற்கும். இலையைச் சுருட்டியதே அதுதான் என்று நினைத்து அனுப்பியிருப்பார்கள்.

சுருட்டிய புழுவைத் தின்னத்தான் அது உள்ளே போயிருக்கிறது. ஓபியோனியா என்ற தரை வண்டு இனம். நீளம் 7, 8 மில்லிமீட்டர்தான். தூரத்தில் பார்த்தால் எறும்பு மாதிரி தெரியும். தூரில் ஏறி இலை இலையாகத் தேடும். இதன் புழுப் பருவம் பளபளவென்று கருப்பாக இருக்கும்; அதுவும் சுருளுக்குள் நுழைந்து வேட்டையாடும். கருப்புப் புழு என்றதுமே நசுக்கிவிடாதீர்கள். ஒரு நாளைக்கு 3 முதல் 5 சுருட்டுப்புழுவைத் தின்று தீர்க்கும். வளர்ந்த வண்டு, அடித்தூரில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சியையும் விடாது.

அம்மாபேட்டைப் பக்கம் ஒரு வயலில், மருந்து வாங்கக் கிளம்பிய விவசாயியை நிறுத்தி, இருவருமாக இறங்கிச் சுருள்களைப் பிரித்துப் பார்த்தோம். ஒன்றில் வெளிர்பச்சைப் புழு. தொட்டதும் துள்ளி விழுந்தது. அடுத்ததில் எச்சம் மட்டும் கிடந்தது. இன்னொன்றில் வண்டு தின்றுகொண்டே இருந்தது; புழுவின் தலைப்பக்கம் மட்டும் நூலில் ஒட்டிக்கொண்டு மிச்சம். "அப்ப இது நம்ம ஆளா சார்?" என்றார். வரப்பில் நின்று பார்த்தபோது அத்தனை இலையும் ஒரே மாதிரி வெளுத்துத்தான் தெரிந்தது.

அதனால்தான் வரப்பில் நின்று முடிவெடுக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பயிர் வளரும் பருவத்தில் 10 சதவீத இலை சேதமானால்தான் மருந்தைப் பற்றியே யோசிக்க வேண்டும். அதுவும் சுருளைப் பிரித்து, உயிருள்ள புழு இருக்கிறதா என்று பார்த்த பிறகு. தூர் கட்டும் பயிர் இழந்த இலையை ஈடுகட்டிக்கொள்ளும். வியட்நாமின் மீகாங் டெல்டாவில் 1990-களில், விதைத்த முதல் 40 நாளுக்கு இலைப்புழுவுக்கு மருந்தே வேண்டாம் என்று பெரிய பிரசாரம் நடந்தது. அங்கே விவசாயிகள் மருந்து அடிப்பது வெகுவாகக் குறைந்தது.

அவசரப்பட்டு அடித்தால் என்ன ஆகிறது? புழு சுருளுக்குள் ஒளிந்திருக்கிறது. வெளியே அலைகிற வண்டும் சிலந்தியும்தான் முதலில் நனைகின்றன. மருந்துக்கடையில் கையில் கொடுப்பது செயற்கை பைரித்ராய்டு வகையாக இருந்தால் இன்னும் மோசம். புகையானைத் தின்று அடக்கி வைத்திருந்த பூச்சிகள் போய்விடுவதால் அடுத்து அது கிளம்பும். புழுவுக்கு அடித்த வயல் அடித்தூரில் காய்ந்து வட்டம் வட்டமாகப் படுப்பதைப் பார்க்க வேதனையாக இருக்கும்.

வரப்பையும் கவனியுங்கள். இந்த வண்டு கூட்டுப்புழுவாவது வரப்பு மண்ணில்தான். நடவுக்கு முன் வரப்போரத்தைச் செதுக்கி அண்டை வெட்டுவதில் தவறில்லை. புல்லையும் அறுக்கலாம், சுருட்டுப்புழு அதில் தங்கும். ஆனால் பயிர் நிற்கும்போது களைக்கொல்லி அடித்து வரப்பை மொட்டையாக்காதீர்கள். உளுந்தோ தட்டைப்பயறோ ஊன்றிவிடுங்கள்.

அப்புறம் யூரியா. தண்ணீர் வந்த சந்தோஷத்தில் ஒரே தடவையில் கொட்டிய வயலிலும், மர நிழல் விழும் ஓரத்திலும்தான் சுருட்டுப்புழு முதலில் பிடிக்கிறது. மேலுரத்தைப் பிரித்துப் போடுங்கள்.

கதிருக்கு முன் கடைசியாக வரும் கண்ணாடி இலை வந்துவிட்டால் மட்டும் இவ்வளவு பொறுக்கச் சொல்ல மாட்டேன். மணி பிடிப்பது அந்த இலையை நம்பித்தான். அதில் சேதம் 5 சதவீதத்தைத் தொட்டால் வேளாண் அலுவலரிடம் காட்டி, பரிந்துரைக்கும் மருந்தை, சொன்ன அளவில் அடியுங்கள். பைரித்ராய்டு மட்டும் அப்போதும் வேண்டாம்.