ரிட் எனும் நீதிப்பேராணை

கல்குளம் தாலுகா ஆபீஸ் வாசலில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: “தாசில்தார் அசைய மாட்டேங்காரு, மதுரையில ஒரு ரிட்டு போட்டாத்தான் சரிப்படும்.” ரிட் என்றால் மனு என்றே பலர் நினைக்கிறார்கள். மனு நாம் கொடுப்பது. ரிட் என்பது அதைக் கேட்டு நீதிமன்றம் அதிகாரிக்கு இடும் கட்டளை.

‘எழுது’ என்னும் பொருளுள்ள பழைய ஆங்கில வினையிலிருந்து வந்த சொல். இங்கிலாந்தில் மன்னர் பெயரால் முத்திரையிட்டுப் போன எழுத்தாணைக்கு அந்தப் பெயர். பிரிட்டிஷ் இந்தியாவில் கல்கத்தா, பம்பாய், சென்னை உயர் நீதிமன்றங்களுக்கு மட்டுமே இந்த அதிகாரம் இருந்தது. 1950இல் அரசமைப்புச் சட்டத்தின் பிரிவு 226 அதை எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் தந்தது. அடிப்படை உரிமை பறிபோனால் பிரிவு 32இன்படி நேரே உச்ச நீதிமன்றத்துக்கும் போகலாம். 1956இல் தமிழகத்தோடு சேர்ந்த நம் குமரி மாவட்டத்துக்காரர்கள் இதற்காகச் சென்னைவரை போனார்கள். 2004இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வந்தபிறகுதான் அந்த அலைச்சல் தீர்ந்தது.

தமிழில் இது நீதிப்பேராணை. ஐந்து வகைகளில் ஆட்கொணர்வு ஆணை பத்திரிகை படிக்கும் எல்லாருக்கும் தெரியும். நமக்கு அதிகம் வேண்டியிருப்பது மண்டமஸ். லத்தீனில் ‘கட்டளையிடுகிறோம்’ என்று பொருள். தமிழில் செயலுறுத்தும் நீதிப்பேராணை. குளத்து ஆக்கிரமிப்பை அகற்றுவது சட்டப்படி அதிகாரியின் கடமை, அவர் செய்யவில்லை என்று வையுங்கள். முதலில் அவரிடமே எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். மனுவின் நகல், தபால் ரசீது, அது ஆபீசில் போய்ச் சேர்ந்ததற்கான தபால் அத்தாட்சி மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள்; வக்கீல் முதலில் கேட்பது அவற்றைத்தான். பல வழக்குகளில் ‘மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் முடிவெடுக்கவும்’ என்றுதான் உத்தரவு வரும். அதை லேசாக எண்ண வேண்டாம். மீறினால் நீதிமன்ற அவமதிப்பு.

அதிகாரியைப் பகைத்துக்கொள்வதா என்று நம்மவர்கள் தயங்குகிறார்கள். தேவையில்லாத தயக்கம். கடமையைச் செய்யச் சொல்வது பகை ஆகாது.

இழப்பீடும் கேட்கலாம். பீகாரில் 1968இல் விடுதலைத் தீர்ப்பு பெற்றும் 14 ஆண்டுகள் சிறையிலேயே கிடந்தவர் ருதுல் ஷா. 1983இல் உச்ச நீதிமன்றம், ஏற்கெனவே கொடுத்த 5,000 ரூபாயோடு மேலும் 30,000 ரூபாய் அவருக்குக் கொடுக்கச் சொன்னது. போன வாழ்க்கைக்கு அது ஈடே இல்லை. ஆனாலும் ரிட் மனுவிலேயே அரசைப் பணம் கட்ட வைக்கலாம் என்ற வழி அங்கேதான் திறந்தது. 1993இல் நீலாபதி பெஹெரா வழக்கில், போலீஸ் காவலில் இறந்த மகனுக்காகத் தாய்க்கு ஒன்றரை லட்சம் ரூபாய் கிடைத்தது. இறையாண்மையை, அதாவது அரசின் மேல் வழக்குப் போட முடியாது என்ற பழைய வாதத்தைச் சொல்லி அரசு இதில் தப்ப முடியாது என்று நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது.