எழுத்தில் இல்லாத விசாரணை

உணவு விநியோக வேலையை முடித்துவிட்டு இரவு பதினொன்றரை மணிக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்த 22 வயது இளைஞர் ஒருவரை வாகனச் சோதனையில் நிறுத்தினார்கள். ஓட்டுநர் உரிமம், ஆர்சி புத்தகம், இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக இருந்தன. அதன் பிறகும் அவரை விடவில்லை. "போனை லாக் எடுத்துக் கொடு" என்றார் ஒரு காவலர். வாட்ஸ்அப் குழுக்களையும், படங்களையும், ஜிபேயில் யார் யாருக்குப் பணம் போயிருக்கிறது என்பதையும் பத்து நிமிடம் பார்த்தார்கள். பிறகு இன்னொரு காவலர் தமது கைபேசியை உயர்த்தி, இளைஞரின் முகத்தை நேராக ஒரு படம் எடுத்துக்கொண்டார். "நாளைக்குக் காலைல ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போ. சும்மா ஒரு விசாரணைதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் அவருடைய தாயார் என் அலுவலகத்துக்கு வந்தார். "வக்கீலம்மா, இவன் எந்தத் தப்பும் பண்ணல. கூப்பிட்டாப் போறதுதானே முறை? போயிட்டு வந்துடட்டுமா?" என்று கேட்டார். தென்மாவட்டம் ஒன்றின் குற்றவியல் நீதிமன்றங்களில் 17 ஆண்டுகளாக வழக்கு நடத்தி வருகிறேன். இந்தக் கேள்வியை யாராவது வந்து கேட்காமல் ஒரு மாதம் கழிந்ததில்லை. நான் அவரிடம் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "தாள் ஏதாவது கொடுத்தாங்களாம்மா?"

எதுவும் கொடுக்கவில்லை. கைபேசியைப் பார்த்ததற்கும், படம் எடுத்ததற்கும், நிலையத்துக்கு வரச் சொன்னதற்கும் எங்கும் ஒரு வரி எழுத்து கிடையாது. காவல்துறைக்கு அதிகாரம் இருக்கிறதா இல்லையா என்றுதான் மக்கள் என்னிடம் கேட்கிறார்கள். அதிகாரம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதியை எழுத்தில் பதிவு செய்துதான் பயன்படுத்த வேண்டும் என்று சட்டம் நிபந்தனை விதித்திருக்கிறது. எழுதினால் பின்னால் ஒரு நீதிபதி அதைப் படிக்க முடியும் என்பதுதான் அந்த நிபந்தனையின் காரணம். என் அனுபவத்தில், அத்துமீறல் அநேகமாக எப்போதும் எழுதாமல் விட்ட இடத்தில்தான் தொடங்குகிறது.

முதலில் அந்த 'வந்துட்டுப் போ' என்ற அழைப்பை எடுத்துக்கொள்வோம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆம் பிரிவு, ஒரு வழக்கின் விவரம் அறிந்தவர் என்று கருதப்படும் நபரை விசாரணை அதிகாரி எழுத்துப்பூர்வமான ஆணை மூலமே வரச் சொல்ல வேண்டும் என்கிறது. பெண்கள், 15 வயதுக்குக் குறைந்தவர்கள், 60 வயதைக் கடந்த ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயுற்றவர்கள் ஆகியோரை அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்லக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. குற்றம் சாட்டப்பட்டவராகவே இருந்தாலும், கைது தேவைப்படாத வழக்கில் 35(3) பிரிவின் கீழ் அறிவிப்பு கொடுத்துத்தான் அழைக்க வேண்டும். 7 ஆண்டு வரை தண்டனை உள்ள வழக்குகளில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது என்று 2014 இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் வழியாக உறுதிப்பட்ட நடைமுறை இது. அந்த அறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு முறைப்படி சேர்ப்பித்ததாகக் கணக்குக் காட்டக் கூடாது என்றும் 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் தெளிவாக்கியது. கைது செய்தால் காரணத்தை அந்த நபருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும் என்ற கடமையை 2025 நவம்பரில் எல்லாக் குற்றங்களுக்கும் விரிவாக்கியது.

இவ்வளவு கறாராக ஏன் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டுக்காரர்களான நாம் தொலைவில் உதாரணம் தேட வேண்டியதில்லை. 2025 ஜூன் இறுதியில், திருப்புவனம் அருகே மடப்புரம் கோயிலின் காவலாளியான இளைஞர், நகை காணாமல் போனதாக வந்த ஒரு புகாரின் பேரில் விசாரிக்கப்பட்டு, காவல்துறையின் பிடியிலேயே உயிரிழந்தார். எஃப்ஐஆர் இல்லாமல் தனிப்படை எப்படி அந்த விசாரணையைக் கையில் எடுத்தது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கேட்டது. அவரை அடித்ததைக் காட்டும் காணொளி காவல்துறையின் கேமராவிலிருந்து வந்ததல்ல. அங்கிருந்த ஒருவர் தம் கைபேசியில் மறைந்திருந்து எடுத்தது அது. அதுவும் இல்லாமல் போயிருந்தால் அந்தக் குடும்பத்தின் பக்கம் என்ன சான்று மிஞ்சியிருக்கும் என்று நினைக்கும்போது இன்றும் எனக்கு மனம் பதறுகிறது.

அடுத்தது கைபேசி. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் என்பது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நம் கைபேசியில் மருத்துவ அறிக்கை இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது, கணவன் மனைவி பேசிக்கொண்டது இருக்கிறது. வீட்டுப் பீரோவைத் திறந்து பார்த்தாலும் கிடைக்காத அளவுக்கு நம்மைப் பற்றிய செய்தி அதில் கிடைக்கும். ஒரு வழக்கின் விசாரணைக்கு அது தேவைப்பட்டால், சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவின் கீழ் நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்தில் ஆணையிட்டு அதைக் கேட்கலாம். சந்தேகத்துக்குரிய பொருளாக இருந்தால் 106ஆம் பிரிவின் கீழ் கைப்பற்றலாம். அப்படிக் கைப்பற்றும்போது, எதை எங்கே எடுத்தார்கள் என்று சாட்சிகள் முன் எழுதும் பதிவான மகஜர் எழுத வேண்டும். 105ஆம் பிரிவின்படி சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒளி, ஒலிப் பதிவு செய்து தாமதமின்றி மாவட்ட நடுவர் (மாஜிஸ்திரேட்), உட்கோட்ட நடுவர் அல்லது முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்கு அனுப்ப வேண்டும். இது புதிய சட்டம் கொண்டுவந்த நல்ல மாற்றம். இதை ஒரு வழக்கறிஞராக மனதார வரவேற்கிறேன். ஆனால் எந்த வழக்கும் இல்லாமல், தெருவில் போகிறவரின் கைபேசியைத் திறந்து பார்க்கும் பொது அதிகாரம் இந்தப் பிரிவுகளில் எதிலும் இல்லை. 2021 அக்டோபரில் ஹைதராபாத்தில், கஞ்சா தேடுவதாகச் சொல்லி வழிப்போக்கர்களின் வாட்ஸ்அப் உரையாடல்களில் காவலர்கள் தேடிய காட்சிகள் வெளியானபோது நாடே பேசியது. அதற்குப் பிறகு நம் ஊர் வாகனச் சோதனைகளில் இது எத்தனை இயல்பாகிவிட்டது என்பதை வழக்குக்காக வரும் என் கட்சிக்காரர்கள் சொல்லித்தான் அறிகிறேன்.

பாஸ்வேர்டைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா என்று பலரும் கேட்கிறார்கள். நேர்மையான பதில், நீதிமன்றங்கள் இதில் ஒரே குரலில் பேசவில்லை என்பதுதான். நீதிமன்ற உத்தரவின் வழியாகக் கேட்டால் அது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்வது ஆகாது என்று 2021 இல் கர்நாடக உயர் நீதிமன்றம் கூறியது. நீதிமன்ற விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது குற்றம் சாட்டப்பட்டவரைப் பாஸ்வேர்டைச் சொல்லும்படி நிர்ப்பந்திக்க முடியாது என்று 2023 இல் தில்லி உயர் நீதிமன்றம் கூறியது. ஆகவே நான் சொல்லும் அறிவுரை இதுதான்: முரண்டு பிடிக்காதீர்கள், பிடுங்கவும் விடாதீர்கள், "எந்த வழக்குங்க ஐயா? எழுத்துல கொடுங்க, வக்கீல்கிட்ட கேட்டுட்டு வந்து தர்றேன்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். அதையும் மீறி எடுத்துக்கொண்டால், மாடல், கைபேசியின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண், எடுத்த நேரம் ஆகியவை மகஜரில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இங்கே ஹேஷ் மதிப்பு என்ற ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வழக்கறிஞர்களிலும் பலர் இதைக் கேட்டுப் பெறுவதில்லை. ஒரு கருவியில் உள்ள தரவு முழுவதையும் கணக்கிட்டுக் கிடைக்கும் ஒரு நீண்ட எண்ணெழுத்துத் தொடர் அது. உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் அந்தத் தொடர் அடியோடு மாறிவிடும். கைப்பற்றிய அன்றே அதைக் குறித்து வைத்தால், பிறகு யாரும் எதையும் சேர்க்கவோ நீக்கவோ இல்லை என்பதைப் பின்னர் சரிபார்க்க முடியும். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவுக்கான சான்றிதழ்ப் படிவத்திலேயே அதற்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் பழங்குடி மக்களுக்காக உழைத்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி, மகாராஷ்டிரத்தில் நடந்த வன்முறை தொடர்பான பீமா கோரேகான் வழக்கில் கைதியாக இருக்கும்போதே 2021 ஜூலை 5 அன்று மும்பை மருத்துவமனையில் இறந்தார். அவருடைய கணினிக்குள் வெளியிலிருந்து யாரோ ஊடுருவி ஆவணங்களை வைத்திருக்கிறார்கள் என்று, அவர் இறந்து ஓராண்டுக்கும் மேலான பிறகு, 2022 டிசம்பரில் ஆர்சனல் கன்சல்டிங் என்ற அமெரிக்கத் தடயவியல் நிறுவனத்தின் அறிக்கை கூறியது. இந்த வழக்கில் ஆர்சனலின் முடிவுகளைத் தேசியப் புலனாய்வு முகமை (என்ஐஏ) ஏற்கவில்லை. வைத்தது யார் என்பதற்கு விடை இன்றுவரை இல்லை. கைப்பற்றும் முன்பே நடந்த ஊடுருவலை ஹேஷ் மதிப்பு தடுத்திருக்காது என்பதும் உண்மை. ஆனால் ஒரு மின்னணுக் கோப்பை மட்டுமே நம்பி ஒரு மனிதரைச் சிறையில் வைக்கும் காலத்தில், அந்தக் கருவி யார் கையில், எந்த நிலையில், எந்த நாளில் இருந்தது என்பதன் எழுத்துப் பதிவுதான் அவருக்கு எஞ்சியிருக்கும் பாதுகாப்பு.

அந்த இளைஞரின் முகத்தைப் படம் எடுத்தார்களே, அதுதான் எல்லாவற்றிலும் குறைவாகப் பேசப்படுவது. 2022 ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் கைரேகை, புகைப்படம், கருவிழிப் பதிவு ஆகியவற்றை எடுக்கக் காவல்துறைக்கு அதிகாரம் தருகிறது; அந்தப் பதிவுகள் 75 ஆண்டுகள் பாதுகாக்கப்படும். விடுதலை ஆனவர்களின் பதிவை அழிக்கவும் அதில் வழி இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் தண்டனை பெற்றவர், கைதானவர், தடுப்புக் காவலில் உள்ளவர், நன்னடத்தைக்குப் பிணை தரும்படி உத்தரவிடப்பட்டவர் ஆகியோரைப் பற்றியது. மற்றவர்கள் என்றால் நடுவரின் உத்தரவு வேண்டும். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர் இந்தப் பட்டியலில் இல்லை. தமிழ்நாடு காவல்துறை 2021 முதல் முக அடையாள மென்பொருளைப் பயன்படுத்தி வருகிறது. அந்த மென்பொருளில் யாருடைய படத்தைச் சேர்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், தவறாகப் பொருந்தினால் யார் பொறுப்பு என்பதற்குச் சட்டமன்றம் இயற்றிய தனிச் சட்டம் எதுவும் கிடையாது. 2024 மே மாதம் அந்தத் தளத்துக்குள் வெளியாட்கள் ஊடுருவிய செய்தி வந்து, நிர்வாகக் கணக்கு ஒன்று திருடப்பட்டதைக் காவல்துறையே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம், திருட்டுப் போன முகத்தை மாற்றிக்கொள்ள முடியாது.

தொலைபேசி ஒட்டுக்கேட்பு சாதாரண மக்களை அதிகம் தொடாது என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். 1996 இல், மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பியுசிஎல்) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு வகுத்த விதிகளின் உயிர்நாடி, உள்துறைச் செயலாளர் எழுத்தில் தரும் ஆணையும் மறுஆய்வுக் குழுவும் ஆகும். 2011 இல் மத்திய அரசு பிறப்பித்த ஓர் ஒட்டுக்கேட்பு ஆணையை 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தபோது, பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ இல்லாமல் குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்காக மட்டும் ரகசியமாகக் கேட்க முடியாது என்றார். பதிவுகள் மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கப்படாததையும் சுட்டிக்காட்டினார். ஊழல் வழக்கொன்றில் தில்லி உயர் நீதிமன்றம் அதற்குச் சில நாள் முன்புதான் வேறு நிலை எடுத்திருந்தது. ஆகவே இது உச்ச நீதிமன்றத்தில் தீர வேண்டிய கேள்வி.

நம்மைப் பார்க்கும் கேமராவைப் பற்றி இவ்வளவு பேசும்போது, காவல் நிலையத்துக்குள் இருக்கும் கேமராவைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் ஊரடங்கு நேரத்தை மீறிக் கடையைத் திறந்து வைத்ததாகப் பிடித்துச் செல்லப்பட்டு அடுத்தடுத்து உயிரிழந்த பிறகு, விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் அங்கே கண்டது என்ன? நிலையத்தின் கேமரா பதிவுகள் அன்றாடம் தானாகவே அழிந்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்தன. வன்தட்டில் இடமோ போதுமான அளவு இருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா இயங்க வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அவ்வளவு காலம் சேமிக்கும் கருவி கிடைக்காத இடத்திலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஐந்தாண்டு கழித்து, 2025 செப்டம்பரில், கேமராக்கள் வேலை செய்யாதது குறித்து அதே நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுக்க வேண்டிய நிலை வந்தது. நிலையத்துக்குள் உங்களுக்கோ உறவினருக்கோ தீங்கு நேர்ந்தால், நாள், நேரம், நிலையத்தின் பெயர் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, பதிவைப் பத்திரப்படுத்தும்படி எஸ்பி அலுவலகத்துக்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் அன்றே பதிவுத் தபாலில் மனு அனுப்பிவிடுங்கள். தபால் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.

அந்தத் தாயாரின் மகனை நான் நிலையத்துக்கு அனுப்பவில்லை. என் பெயரில் ஒரு கடிதம் எழுதி, எந்த வழக்கில், எந்தப் பிரிவில் அவர் தேவைப்படுகிறார் என்று தெரிவித்தால் குறித்த நேரத்தில் நானே அழைத்து வருகிறேன் என்று கொடுத்தனுப்பினேன். மறு அழைப்பு வரவில்லை. பிறகு அந்த இளைஞரே, அன்றிரவு எடுத்த தம் படம் எந்தத் தரவுத்தளத்தில் இருக்கிறது, எந்தச் சட்டப் பிரிவின்படி எடுக்கப்பட்டது, எப்போது அழிக்கப்படும் என்று மூன்று கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டிருக்கிறார். பதில் தரச் சட்டம் கொடுக்கும் கெடு 30 நாள். 41 நாள் ஆகிவிட்டது. முதல் மேல்முறையீட்டு மனுவை நேற்று மாலை அவரோடு உட்கார்ந்து எழுதி முடித்தோம்.